நங்கூரம் நண்டான கதை: பச்சை குத்த நினைக்கும் விசுவாசிக்கு ஒரு மிஸ்ஸி சொல்வது

எங்கட அவருடைய இடது முன்கையில் ஒரு நங்கூரம் இருந்தது. கல்யாணத்துக்கு முதல், கப்பலில் வேலை செய்த காலத்தில், எந்தத் துறைமுகத்திலோ குத்தியது. நான் முதன்முதல் பார்த்தபோது வளையம், தண்டு, இரண்டு பக்கக் கொழுக்கி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வருசம் போகப் போகத் தோல் தளர்ந்து, மை பரவி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் பேரப்பிள்ளைகள் அதை "அப்பப்பாட நண்டு" என்றுதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு நடக்கும்போது சேட்டுக் கை மேலேறும், நண்டு எட்டிப் பார்க்கும். முப்பது வருசத்தில் எங்கள் சபையில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்றைக்கு இருபது வயதுப் பொடியன் ஒருவன் மணிக்கட்டில் சின்னச் சிலுவையோடு ஆராதனைக்கு வந்தால் பின் வாங்கில் இருப்பவர்கள் உடனே வேதாகமத்தில் லேவியராகமத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

நான் போதகர் இல்லை. மட்டக்களப்பில் முப்பத்திரண்டு வருசம் ஆஸ்பத்திரி வாட்டில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி. அதைவிடக் கூடுதலான காலம் மெதடிஸ்த ஆலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு. ஊசியையும் தெரியும், பிள்ளைகளையும் தெரியும். அதனால் "மிஸ்ஸி, டாட்டூ குத்தலாமா? பாவமா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். சில நேரம் பிள்ளை வரும், சில நேரம் பிள்ளைக்குத் தெரியாமல் தாய் வருவாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது: யாருக்காக?

எந்த வசனத்தையும் திறக்கமுதல் நான் கேட்கிற கேள்வி இதுதான். என்ன படம், எந்த இடம், எவ்வளவு காசு என்பதெல்லாம் மறுகா.

சிலருக்குப் பதில் வராது. "எல்லாரும் குத்துறாங்க மிஸ்ஸி" என்பார்கள். அவர்களை ஒரு வருசம் பொறுத்து வரச் சொல்வேன், அநேகமாகத் திரும்பி வரமாட்டார்கள். காதலிக்கிற பிள்ளையின் பெயரைக் குத்தப் போகிறேன் என்கிறவனிடம் ஒன்றும் விளக்க மாட்டேன். தெரிந்தவர் ஒருவர் பழைய பெயர் ஒன்றை மறைக்கக் கை முழுக்க ரோசாப்பூ குத்தின கதையை மட்டும் சொல்லி அனுப்புவேன். கட்டாருக்குப் போக முதல் கையில் சிலுவை வேண்டும், அங்கே தனிமையில் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னான். அந்தப் பதிலை என்னால் இலேசாகத் தள்ள முடியவில்லை.

என்னிடம் வந்தவர்களில் கூடுதலானோர் இறந்தவருக்காகக் குத்த நினைத்தவர்கள். தகப்பன், அண்ணன், கூடப் படித்தவன். சுனாமி வந்த 2004 மார்கழி 26, உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்த 2019 சித்திரை 21 என்ற இரண்டு திகதிகளையும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்கு முந்திய யுத்த காலத்துத் திகதிகளுக்குக் கணக்கே இல்லை.

என் தங்கச்சியின் மகன், எனக்குப் பெறாமகன், போன வருசம் லெந்து என்ற தவக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது வந்தான். தகப்பனின் பெயரும் திகதியும் நெஞ்சில் வேண்டும் என்றான். தகப்பன் போனபோது அவனுக்கு மூன்று வயது. நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை, நாவலடிப் பக்கம் கூட்டாளி வீட்டுக்கு என்று சைக்கிளில் போன மனிசன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். தேடினவர்களுக்குச் சைக்கிள் கூடக் கிடைக்கவில்லை.

நான் வழக்கமான எச்சரிக்கைகளைத் தொடங்கினேன். அவன் நடுவில் மறித்தான்.

"பெரியம்மா, கார்த்திகை இரண்டாம் திகதி எல்லாரும் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துறாங்க. நான் எங்க போய்க் கொளுத்துற?"

நினைவுத்தூபி இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஊருக்குப் பொதுவானது. அவன் கேட்டது அவனுடைய ஒரு குழியை. தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வசனத்தை முழுதாக வாசியுங்கள்

எல்லாரும் எடுத்துக்காட்டுகிற வசனம் லேவியராகமம் 19:28. "செத்தவனுக்காக உங்கள் சரீரத்தைக் கீறிக்கொள்ளாமலும், அடையாளமான எழுத்துக்களை உங்கள்மேல் குத்திக்கொள்ளாமலும் இருப்பீர்களாக." பாதியில் தொடங்கி "எழுத்துக்களைக் குத்தாதே" என்று மட்டும் சொல்கிறவர்கள் முதல் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். செத்தவனுக்காக. என் பெறாமகன் விசயத்தில் அந்தச் சொல்தான் நேரே வந்து இடித்தது. ஆகவே அதைச் சுற்றிப் போகாமல் அவனோடு உட்கார்ந்து வாசித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், அதிகாரம் முழுவதையும்.

வாசித்தால் ஒரு வசனம் முன்னுக்கு, 27இல், தாடியின் ஓரங்களைக் கத்தரிக்காதே என்று இருக்கும். 19ஆம் வசனத்தில் இரண்டு வகை நூல் கலந்த உடுப்பு ஆகாது என்று இருக்கும். டாட்டூவுக்கு எதிராகப் பிரசங்கம் செய்கிறவர் அந்தச் சனிக்கிழமைதான் சலூனில் தாடியை அழகாக ஒதுக்கிக்கொண்டு, பொலியெஸ்ரர் கலந்த சேட்டோடு பிரசங்க மேடையில் நிற்பார். இதைக் கண்டுபிடித்ததும் பொடியன்மாருக்கு ஒரே சந்தோசம். "அப்ப அந்தச் சட்டம் எல்லாம் முடிஞ்சு போச்சுதானே?"

அவ்வளவு சுறுக்காக மூடாதீர்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளையும் அதே அதிகாரத்தில், 18ஆம் வசனத்தில்தான் இருக்கிறது. அதிகாரத்தைத் தூக்கி எறிந்தால் அதுவும் சேர்ந்து போகும். திருச்சபைகள் நெடுங்காலமாக இதைப் பிரித்துத்தான் வாசித்து வந்திருக்கின்றன. ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் 7ஆவது, மோசேயின் சடங்குச் சட்டங்கள் கிறிஸ்தவரைக் கட்டாது, ஒழுக்கக் கட்டளைகள் கட்டும் என்கிறது. பச்சை குத்துவது எந்தப் பக்கம் விழும் என்பதில்தான் சண்டை.

பக்கத்து வசனங்களைப் பார்த்தால் குறி கேட்பது, அஞ்சனம் பார்ப்பது, இரத்தத்தோடு உண்பது என்று அக்கம்பக்கத்து ஜாதிகளின் வழிபாட்டு முறைகள் வரிசையாக வருகின்றன. உபாகமம் 14:1உம் இறந்தவருக்காக உடலைக் கீறுவதைத் தடுக்கிறது. பாகாலின் தீர்க்கதரிசிகள் இரத்தம் வடிய வடியத் தங்களைக் கீறிக்கொண்டதை 1 இராஜாக்கள் 18இல் பார்க்கலாம். பழைய எகிப்திலும் பாபிலோனிலும் அடிமையின் உடம்பில் எசமானின் அடையாளம் போடும் வழக்கமும் இருந்தது. "நான் கர்த்தர்" என்று அந்த வசனம் முடிவது சும்மா இல்லை. நீ யாருடையவன் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

"குத்திய எழுத்து" என்று மொழிபெயர்த்திருக்கும் எபிரேயச் சொல் வேதாகமத்தில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஆகையால் அதன் சரியான பொருளைப் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே இழுபறி. பழைய யூத ரப்பிமாரும் ஒரே குரலில் பேசவில்லை. தெய்வத்தின் பெயரை எழுதினால்தான் குற்றம் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் ரப்பி சிமியோன் சொல்கிறார்.

புதிய ஏற்பாட்டில் பச்சை குத்துவதைப் பற்றி நேரடியாக ஒன்றும் இல்லை. எல்லாரும் எடுப்பது 1 கொரிந்தியர் 6:19, உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம். நல்ல வசனம். ஆனால் பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. அதை டாட்டூவுக்கு மட்டும் பாவித்துவிட்டு, சீனி வருத்தத்தோடு மூன்று கோப்பை பாயாசம் குடிக்கிற நம்மைப் போன்றவர்களுக்குப் பாவிக்காமல் விடுவது நியாயமில்லை. வாட்டில் கால் எடுத்த ஆட்களைப் பார்த்தவள் சொல்கிறேன்.

வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் முத்திரையைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அது மிருகத்தை வணங்குகிறவர்களின் அடையாளம், சிலுவை குத்தின பொடியனோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். அதே புத்தகத்தின் 19:16இல் கிறிஸ்துவின் தொடையிலே ஒரு நாமம் எழுதியிருக்கிறது என்பதையும் வாசியுங்கள். அது டாட்டூ என்று பொடியன்மார் அடித்துச் சொல்வார்கள். அதுவும் கொஞ்சம் கூடிப்போன கதை.

எனக்குப் பிடித்த இடம் ஏசாயா 44:5. நமது பழைய மொழிபெயர்ப்பில், ஒருவன் தான் கர்த்தருடையவன் என்று "கையெழுத்துப்போட்டு" என்று வரும். எபிரேயத்தில் அதைத் தன் கையிலேயே "கர்த்தருடையவன்" என்று எழுதிக்கொள்வான் என்றும் வாசிக்கலாம். ஐந்து அதிகாரம் தள்ளி, 49:16இல், கர்த்தர் தானே சொல்கிறார்: "இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." பெறாமகன் இதைத் தானாகக் கண்டுபிடித்து எனக்கு நடு இரவில் போன் பண்ணினான்.

மற்றக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்

"டாட்டூ வெள்ளைக்காரன்ட பழக்கம்" என்று ஆலயத்தில் ஒரு அண்ணன் சொன்னார். கிழக்குத் தேசத்துத் திருச்சபைகளை அவருக்குத் தெரியாது. எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்பக்கத்தில் சின்னச் சிலுவை குத்துவார்கள், குழந்தைகளுக்குக்கூட. எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் நெற்றியில் சிலுவை குத்திய பெண்கள் உண்டு. ஜெருசலேம் பழைய நகரத்தில் ரசூக் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்களுக்கு மரத்தில் செதுக்கிய பழைய அச்சுகளை வைத்துப் பச்சை குத்தி வருகிறது. துருக்கியர் ஆண்ட காலத்துப் பொஸ்னியாவில் கத்தோலிக்கப் பெண்கள் கையிலும் நெஞ்சிலும் சிலுவை குத்திக்கொண்டார்கள்.

மேற்கிலும் ஒரே கருத்து இருந்ததில்லை. முகம் கடவுளின் சாயல் என்ற காரணத்தைச் சொல்லிக் குற்றவாளிகளின் முகத்தில் அடையாளம் குத்துவதை ரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் 4ஆம் நூற்றாண்டில் தடுத்தார். முகத்தைத்தான், கையையும் காலையும் அல்ல. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நோர்தம்பிரியாவில் கூடிய சபைச் சங்கம், அஞ்ஞானிகளின் முறையில் குத்துவதைக் கண்டித்துவிட்டு, கடவுளுக்காக அந்த நோவைத் தாங்கினால் அது வேறு என்றும் சொன்னது. 2018 பங்குனியில் பாப்பரசர் பிரான்சிஸ் இளைஞர்களோடு பேசும்போது, டாட்டூவைக் கண்டு பயப்பட வேண்டாம், அதை வைத்து அந்தப் பிள்ளையோடு கதையைத் தொடங்கலாம் என்றார். அளவு மீறுவது வேறு விசயம் என்பதையும் சேர்த்தே சொன்னார். இதை என் கத்தோலிக்க மச்சாளிடம் சொன்னபோது, "பாப்பரசர் எங்கட வீட்டுப் பொடியன்மாரப் பாக்கல்ல" என்றாள்.

எங்கள் ஊரைச் சுருக்கமாகச் சொன்னால்: கத்தோலிக்கச் சுவாமிமாரும் மெதடிஸ்த, ஆங்கிலிக்கன் போதகர்களும் அநேகமாக "யோசித்துச் செய்" என்பார்கள். பெந்தேகொஸ்தே சபைகளில் கூடுதலானவை வேண்டாம் என்றே சொல்லும். அவற்றிலும் நகையே போடாத சபைகளில் கேட்கவே வேண்டாம். நகை போடாத சபையைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை உண்டு, அவர்கள் சொல்வதில் ஒரு நேர் இருக்கிறது. மூன்று மாதக் குழந்தைக்குக் காது குத்தி, கழுத்தில் சங்கிலி போட்டு, பிறகு டாட்டூவுக்கு மட்டும் ஆலயம், சரீரம் என்கிற எங்களைப் பார்த்துத்தான் பொடியன்மார் சிரிக்கிறார்கள்.

வீட்டில் கதைக்கும் முறை

குத்திவிட்டுக் காட்டாதீர்கள். முதலில் கதையுங்கள். தாய் வசனம் சொல்லி மறுத்தால், வசனத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம். வசனத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

என் தங்கச்சி லேவியராகமம் லேவியராகமம் என்று இரண்டு கிழமை நின்றாள். ஒரு நாள் பின்னேரம் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, பாலத்தடியில இறக்கி, பொடியன்மார்ட சேட்டக் கழட்டச் சொல்லித் தழும்பு பார்த்தத மறந்துட்டியா?"

மறக்கவில்லை. யுத்த காலத்துச் சோதனைச் சாவடி அது, சண்டையில் பட்ட தழும்பா என்று பார்ப்பார்கள். முழங்கையில் பழைய காயம் இருந்தாலே போதும், எங்கே பட்டது, எப்போது பட்டது என்று கேள்வி வரும். சைக்கிளால் விழுந்த தழும்புக்கு ஆஸ்பத்திரித் துண்டை வருசக்கணக்கில் பேர்சுக்குள் வைத்துத் திரிந்தவர்களை எனக்குத் தெரியும், துண்டு கேட்டு என்னிடம்தான் வருவார்கள். உடம்பில் ஒரு அடையாளமும் இல்லாத பிள்ளைதான் பத்திரமான பிள்ளை என்று அந்தக் காலம் தாய்மாருக்குப் படிப்பித்தது. அந்தப் பயத்துக்கு அவள் பிடித்த பெயர்தான் லேவியராகமம். பெறாமகன் 2001இல் பிறந்தவன், இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குத் தாயும் மகனும் கதைத்ததுபோல் அதற்கு முதல் கதைத்ததே இல்லை. நான் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தாய் தகப்பன்மாருக்கும் ஒன்று. "குத்தினால் இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லாதீர்கள். பிள்ளை குத்திவிட்டு நீளக் கை சேட்டுப் போட்டுக்கொண்டு ஏறும், அவ்வளவுதான். பதினெட்டு வயது ஆகாதது கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள், அதற்கு வசனம் தேவையில்லை.

பேனையால் நாற்பது நாள்

பாவமா இல்லையா என்று நான் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்வதில்லை. ரோமர் 14ஐ வாசிக்கக் கொடுப்பேன். அங்கே சண்டை சாப்பாட்டையும் நாள் பார்ப்பதையும் பற்றி. "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார் பவுல். மனதில் சந்தேகத்தோடு செய்தால் அது பாவம் என்றும் அதே அதிகாரம் முடிகிறது. இன்னொருவனுக்கு இடறலாகாதே என்றும் சொல்கிறது. மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும், பிடித்ததை மட்டும் பிய்த்தெடுக்கக் கூடாது.

அந்த நிச்சயம் இருக்கிறதா என்று பார்க்க நான் சொல்லும் வழி இது. சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை, குத்த நினைக்கிற படத்தை, குத்த நினைக்கிற இடத்தில், ஒவ்வொரு காலையும் பேனையால் நீங்களே வரையுங்கள். குளித்தால் போகும், மறுநாள் திரும்ப வரையுங்கள். அதோடு ஆலயத்துக்குப் போங்கள், திருவிருந்துக்கு முழந்தாளிடும்போது அந்தக் கையை நீட்டுங்கள். வேலைக்குப் போங்கள். சபையில் உள்ள ஆக வயதான அம்மாவிடம் நீங்களே காட்டுங்கள். எந்த இடத்தில் சேட்டுக் கையை இழுத்து மூடினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

பாதிப்பேர் இரண்டாம் கிழமையில் விட்டுவிடுவார்கள், எனக்கு அதில் சந்தோசம். பெறாமகன் நெஞ்சில் தொடங்கினான். கண்ணாடி பார்த்து எழுத வேண்டும், எழுத்து தலைகீழாக வந்தது. ஒரு கிழமையில் முன்கைக்கு மாற்றினான். பதினேழாம் நாள் திகதியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதினான். ஏன் என்று கேட்டேன். "அது அப்பா செத்த நாள்தானே பெரியம்மா. அவர் அதுக்கு முதல் முப்பத்தொரு வருசம் இருந்திருக்கார்." செத்தவனுக்காக என்ற அந்தச் சொல்லில் எனக்கிருந்த முடிச்சு அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது.

குத்துவது என்று முடிவெடுத்தால்

இனிப் பேசுவது மிஸ்ஸி.

பச்சை குத்தும் ஊசி தோலின் மேல்படையைத் தாண்டி, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றரிலிருந்து இரண்டு வரை ஆழத்தில் மையை விடுகிறது. இரத்தம் வரும். ஆகவே இன்னொருவரின் இரத்தம் பட்ட ஊசி என்றால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் வரலாம். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2003இல்தான். அதற்கு முதல் பிறந்தவர்கள் போட்டுக்கொண்டு போங்கள். மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் எடுக்கும்போது இந்த வருத்தங்களைத்தான் தேடுவார்கள். ஒரு சின்னச் சிலுவைக்காக விசாவை இழக்க வேண்டாம்.

ஒருமுறை திருவிழாக் கூட்டத்தில் குத்திக்கொண்டு வந்த ஒருவனின் தோள் பலாச்சுளை மாதிரி வீங்கி, சீழ் வைத்து, வெட்டித் துடைத்தோம். ஒரே ஊசியால் வரிசையாக எட்டுப் பேருக்குக் குத்தினார்களாம், நடுவில் சுடுதண்ணியில் முக்கினார்களாம். சுடுதண்ணி போதாது. ஊசி உங்கள் கண்முன் பைக்கற்றிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். மை சின்ன மூடியில் உங்களுக்கென்று தனியாக ஊற்றப்பட வேண்டும், மிச்சத்தைத் திரும்பப் போத்தலில் ஊற்றக் கூடாது. திரும்பப் பாவிக்கும் சாமான் என்றால் நீராவி அழுத்தத்தில் 121 பாகையில் கால் மணி நேரம் இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

இடது தோளில் பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜீ. என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். அது தடித்து மேலெழும்பி இருந்தால், உங்கள் தோல் காயத்தைத் தடிப்பாக ஆற்றுகிற தோல். அப்படியானவர்கள் குத்தாமல் விடுவதுதான் நல்லது. சீனி வருத்தம் இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் போக வேண்டாம். சிவப்பு மைக்குத் தோல் கூடுதலாக ஒவ்வாமை காட்டும், கறுப்போடு நில்லுங்கள். குத்தின பிறகு இரண்டு மூன்று கிழமை கடலிலும் வாவியிலும் இறங்க வேண்டாம். மஞ்சள் அரைத்துப் பூசுவது, தேங்காயெண்ணெய் தடவுவது ஒன்றும் வேண்டாம், சவர்க்காரமும் சுத்தமான தண்ணியும் போதும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஆலயத்தில் இரத்ததான முகாம் வருகிறதென்றால் கொடுத்துவிட்டுப் போய்க் குத்துங்கள், குத்தின பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு இரத்தம் எடுக்கமாட்டார்கள்.

வசனம் குத்துகிறவர்கள் எழுத்துப்பிழையைப் பாருங்கள். "கர்த்தர் என் மேய்ப்பர்" என்று குத்தப் போய் "மேய்பர்" என்று வாங்கிக்கொண்டு வந்த ஒருவன் இன்னும் அரைக் கை சேட்டுப் போடுவதில்லை. தமிழ் தெரியாதவர் குத்தினால் புள்ளி மறையும், ழ ள ஆகும். நீங்களே பெரிதாக எழுதிக் கொடுங்கள். எபிரேய எழுத்தென்றால் வலமிருந்து இடம், திருப்பிப் போட்டுவிடுவார்கள். இன்னொரு சமயத்தின் படத்தை அழகுக்காகத் தொடவே வேண்டாம். 2014இல் கையில் புத்தர் படம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அவருக்குக் கிடைத்தது, உங்களுக்கு யார் வழக்குப் பேசுவது?

ஏற்கெனவே குத்தியிருந்தால்

ஞானஸ்நானம் எடுக்க முதல் டாட்டூவை அழித்துக்கொண்டு வா என்று ஒரு சபையில் சொன்னார்களாம் என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். லேசர் பல தடவை செய்ய வேண்டும், காசும் போகும், சில நேரம் நிழலும் மிஞ்சும். அவளுக்கு அப்போஸ்தலர் 8ஐ வாசித்தேன். அங்கே வருகிற எத்தியோப்பிய மந்திரி ஒரு அண்ணகன், உபாகமம் 23:1இன்படி உடம்பைக் காரணம் காட்டியே சபைக்குள் வர முடியாதவன். வழியில் தண்ணீரைக் கண்டதும், ஞானஸ்நானம் பெற எனக்குத் தடையென்ன என்று கேட்கிறான். பிலிப்பு ஒரு தடையும் சொல்லவில்லை, இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவள் இப்போது எங்கள் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறாள்.

பெறாமகன் விசயம் இங்கே முடியவில்லை. லெந்தின் கடைசிக் கிழமையில் போதகரிடம் போனான். போதகர் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழைய கலியாணப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். வீட்டிலிருந்த படமெல்லாம் தண்ணியோடு போன குடும்பம் அது, தகப்பனின் கைபட்டது என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பதிவேட்டில், மாப்பிள்ளை என்ற இடத்துக்கு நேரே, நீல மையில், அவருடைய கையெழுத்து. முதலெழுத்தின் வாலை நீட்டி, பெயர் முழுவதையும் சுற்றிக் கொண்டுவந்து ஒரு புள்ளி. அவன் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து தாயிடம் காட்டினான். தங்கச்சி விரலால் போன் கண்ணாடியில் அந்த வாலைக் கீறிப் பார்த்தாள், படம் நழுவி நழுவிப் போனது. "இப்பிடித்தான்," என்றாள், "அரிசிக் கடைத் துண்டிலயும் இந்தச் சுத்துச் சுத்துவார்."

அவன் இன்னும் குத்தவில்லை. ஆவணிக்குள் குத்துவதாக இருக்கிறான், முன்கையின் உட்பக்கத்தில். தாய் கூடப் போகப்போகிறாளாம். நேற்று அளவு பார்க்க வந்தார்கள். பதிவேட்டில் உள்ள அளவிலேயே வேண்டும் என்று அவன் நின்றான். கையெழுத்தின் சுழிகள் அந்த அளவில் அரிசி மணியளவு இடைவெளிகூட இல்லாமல் நெருக்கமாக இருக்கின்றன. எங்கட அவருடைய நங்கூரத்தின் இளமைக்காலப் படம் ஒன்று என்னிடம் உண்டு, கடைசி வருசத்துப் படமும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு மடங்காக்கிக் கீறச் சொல்லியிருக்கிறேன்.